சாரல் காலத்தில் ஒரு பழைய வேட்டி: குடும்பமாகத் தையல் பழக ஒரு வழி

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் செங்கோட்டையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். ஆனி, ஆடி முழுக்கப் பொடித்தூறல். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். இங்கேயே இருக்கிற எங்களுக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமாளிக்க வேண்டிய மாதங்கள். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போன் என்றுதான் எங்கள் வீட்டிலும் அந்த மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆனி மாதம், டிவிக்குக் கீழே போர்வை போர்த்திக் கிடந்த அத்தையின் தையல் மெஷினை வெளியே இழுத்தோம். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. அவருக்குச் சீதனமாக வந்த மெஷின் அது, காலால் மிதிக்கிற கறுப்பு மெஷின். வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தைக்கத் தெரியும். கண் மங்கியதால் அவரும் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஏழு வயசு முதல் எழுபது வயசு வரை எல்லோருக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். உங்கள் வீட்டிலும் தொடங்கலாம் என்று நினைத்தால், எங்களுக்கு எந்த வரிசை கைகொடுத்ததோ அதையே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. காசு மிச்சமாகும் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள். ஜவுளிக்கடையில் தலையணை உறை மலிவாகவே கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது வேறு. என் மாமனார் அதிகம் பேசாதவர். பேத்தியிடம்கூட "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்கு மேல் பேச்சு வளராது. ஒரே துணியின் இரண்டு நுனியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். அவர் சின்ன வயசில் தீபாவளிக்கு ஒரே தானில் வெட்டி அண்ணன் தம்பி நாலு பேருக்கும் சட்டை தைத்த கதையை என் மகள் அப்படித்தான் கேட்டாள். எனக்கும் அது புதுக்கதை.

மெஷினைத் தொடும் முன் கை ஊசி

மெஷின் இருந்தாலும் முதல் இரண்டு வாரம் அதை மூடியே வையுங்கள். கையால் தைக்கப் பழகியவருக்குத்தான் துணி எப்படி நகரும், நூல் எங்கே இழுக்கும் என்பது பிடிபடும். வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு பொட்டலம் கை ஊசி, வெள்ளை, கறுப்பு, சந்தன நிறத்தில் ஒவ்வொரு நூல்கண்டு, இஞ்ச் டேப், சாக்பீஸ், ஊக்கு, குண்டூசி, நல்ல கத்தரிக்கோல் ஒன்று. கத்தரிக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதைத் துணிக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். அப்புறம் துணியை வெட்டாது, மெல்லும். எங்கள் வீட்டில் அதன் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். பால் பாக்கெட் வெட்ட அதை யாரும் எடுக்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம்.

ஊசி வாங்கும்போது புதியவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கை ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். மெஷின் ஊசியில் நேர் எதிர், நம்பர் கூடினால் தடிமன் கூடும். கைக்கு 7 அல்லது 8, மெஷினில் சாதாரணப் பருத்தித் துணிக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கெட்டித் துணிக்கு 16 அல்லது 18 என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய துணிக்கு 11 போதும்.

நூலை நீளமாகக் கோர்த்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நீண்ட நூல் முடிச்சு விழும். ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம்.

வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நூல் கோர்ப்பது சிறுசுகளின் வேலை. அவர்களுக்குத்தான் கண் தெளிவு. எங்கள் வீட்டில் அத்தை கையை நீட்டினால் ஐந்து ஊசி கோர்த்துத் தயாராக இருக்கும். அப்போது ஆறு வயசாக இருந்த என் மகன் அதை ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டான். ஆச்சிக்குத் தன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு என்பதே அவனுக்குப் பெருமை. அளப்பதும் கோடு போடுவதும் பெரிய பிள்ளைகளுக்கு. வெட்டுவது பெரியவர்களுக்கு.

பழக வேண்டிய தையல் மூன்றுதான். முதலில் நேர்த்தையல்: ஊசி மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே போவது. அடுத்தது பின்தையல்: ஒவ்வொரு தையலும் ஒரு தையல் அளவு பின்னால் வந்து முன்னால் போகும், பிரிந்த இடத்தைச் சேர்க்க இதுதான் பலம். மூன்றாவது ஹெம்மிங், ஓரத்தை மடித்து வெளியே தெரியாமல் பிடிப்பது. ஒரு பழைய வெள்ளைத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு ஆளுக்கு இரண்டு வரி தைத்துப் பாருங்கள். யாருடைய வரி யாருடையது என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கையெழுத்து மாதிரி தையலுக்கும் ஆள் உண்டு. எங்கள் முதல் துணியைப் பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் பட்டன். வீட்டில் பட்டன் அறுந்த சட்டை நாலாவது கிடக்கும். பட்டனைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்துவிட்டால் காஜாவுக்குள் நுழையாது. பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாகவே நூலை ஓட்டுங்கள். நாலைந்து சுற்று ஆனதும் குச்சியை உருவிவிட்டு, பட்டனைத் தூக்கிப் பிடித்து அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். என் கணவர் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். இப்போது அவர் பட்டனுக்கு அவரே பொறுப்பு.

மெஷின்

பழைய மெஷின் வீட்டில் இல்லையென்றால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். சொந்தத்தில் யாரிடமாவது சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். பழையது வாங்கினால் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் முட்டாமல், கடகடக்காமல் சுற்ற வேண்டும். அடிநூல் சுற்றுகிற பாபினும் அதை வைக்கிற பாபின் கேஸும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். தோல் பெல்ட் தளர்ந்திருப்பது ஒரு குறையே இல்லை, சுலபமாக மாற்றிவிடலாம். மிதிக்கிற மெஷினில் இன்னொரு வசதி, சாரல் காற்றில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

தையலைப் பிழைப்பாகவே செய்ய விரும்பும் ஏழைப் பெண்கள், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது அப்படி இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, மெஷின் வந்துவிட்டது. முதல் மூன்று நாள் நூலே கோர்க்க வேண்டாம். ஊசி மட்டும் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். மிதிப்பதுதான் முதல் வித்தை. சக்கரம் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும். புதியவர் கால் வைத்ததும் அது பின்பக்கமாகப் போகும். நூல் இருந்தால் அங்கேயே சிக்கி அறுந்துவிடும். கையால் சக்கரத்தைத் தன் பக்கம் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, அந்த ஓட்டத்தைக் கால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் எங்கள் வீட்டில் எல்லோரையும் தோற்கடித்தவர் மாமா, அதாவது மாமனார். அந்தக் காலத்தில் சைக்கிளிலேயே எங்கும் போய் வந்த கால். அவர் மிதித்தால் சத்தம் மழை மாதிரி ஒரே சீராக விழும். இப்போதும் நீளமான தையல் என்றால் மிதிப்பது அவர், துணி பிடிப்பது என் மகள்.

தாளில் ஓட்டிய ஊசியைத் துணிக்கு வைக்காமல் மாற்றிவிடுங்கள், முனை மழுங்கியிருக்கும்.

இரண்டாம் நாள் என் மகள் கேட்டாள்: "கை ஊசிக்கு வால்ல ஓட்டை, இதுக்கு மட்டும் ஏன் மூக்குல ஓட்டை?" நல்ல கேள்வி. கையால் தைக்கும்போது ஊசி முழுதாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போகிறது. மெஷினில் ஊசி கடப்பதே இல்லை. முனை மட்டும் இறங்கி, அடியில் நூலை ஒரு வளையமாக விட்டுவிட்டு மேலே வந்துவிடுகிறது. அந்த வளையத்துக்குள் பாபின் நூல் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு தையலுக்கு இரண்டு நூல். முனையில் கண் வைத்த ஊசியும் அடிநூலும் சேர்ந்த மெஷினுக்கு எலியாஸ் ஹோவே 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். சிங்கர் தன் மெஷினுக்கு வாங்கியது 1851இல். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டை நகர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, நூல் வளையம் விழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். என் மகன் அதைப் பத்து முறை பார்த்தான்.

ஊசி மாட்டும் முறை: மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு காடி ஓடும். நூல் காடி இருக்கும் பக்கம் நுழைந்து தட்டைப் பக்கம் வெளியே வர வேண்டும். மாற்றி மாட்டினால் தையலே விழாது.

புதியவர்களை அதிகம் அழவைப்பது அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று சுருள்வது. அடியில் சுருண்டால் பாபினில்தான் கோளாறு என்று எல்லோரும் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். நானும் ஒரு சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். உண்மையில் பெரும்பாலும் தப்பு மேல் நூலில். மேல் நூல் தளர்வாக இருந்தால் அடியில் போய்ச் சுருளும். துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கிவிட்டு, மேல் நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோர்த்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராது. அப்படியும் சுருண்டால் டென்ஷன் திருகைக் கொஞ்சம் முடுக்குங்கள். பாபின் சரியா என்று பார்க்க, பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கினால் தளர்வு. அசையாமல் தொங்கி, லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கினால் சரியான பதம்.

தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் மூன்று நாலு இஞ்ச் விட்டு, பின்பக்கமாகக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தையல் அளவு ஒரு இஞ்சுக்குப் பத்துத் தையல் விழுகிற மாதிரி வைத்தால் சாதாரணத் துணிக்குப் போதும்.

ஒரு வேட்டி, இரண்டு தலையணை உறை

முதல் பொருளைப் புதுத்துணியில் தொடங்க வேண்டாம். புதுப் பருத்தித் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கி அளவு போய்விடும். சாரலில் அதுவும் காயாது. பழைய நாலு முழ வேட்டி ஒன்று எடுங்கள். எத்தனையோ முறை துவைத்தாயிற்று, இனிச் சுருங்க ஒன்றுமில்லை. கன்னத்துக்கு அவ்வளவு மெதுவாகவும் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை விட்டுவிட்டு அளவு போடுங்கள்.

தலையணை 17 இஞ்ச் அகலம், 27 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்துக்கு இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் தையலுக்குச் சேர்த்தால் 18. நீளத்துக்கு முன்பக்கம் 27, பின்பக்கம் 27, தலையணை வெளியே வராமல் உள்ளே செருகுகிற மடிப்பு 6, இரண்டு ஓரமும் மடித்து அடிக்க ஒவ்வொரு இஞ்ச். ஆக 62.

இதைக் கேட்டதும் மாமா டேப்பைப் பார்க்காமலே, "ஒரு முழம் அகலம், மூன்றரை முழம் நீளம்" என்றார். முழம் 18 இஞ்ச், மூன்றரை முழம் 63. ஒரு இஞ்ச் வித்தியாசத்தில் கணக்கு பொருந்தியது. அவர் சொன்னதைக் கேட்டு என் மகள் ஓடிப்போய்த் தன் கையாலேயே முழம் போட்டுக் கோடு இழுத்துவிட்டாள், நானும் கவனிக்காமல் வெட்டிவிட்டேன். ஒன்பது வயசுக் கை. அவள் முழம் 14 இஞ்ச்கூட இல்லை. தைத்து முடித்த உறைக்குள் தலையணையின் தலைகூட நுழையவில்லை. அழுகை வரும் நேரத்தில் அத்தை, "இதுக்கேத்த தலையணை செஞ்சாப் போச்சு" என்று சொல்லி, போடிப் பக்கத்து இலவம்பஞ்சு கொஞ்சம் வாங்கி வரச் சொன்னார். அந்தக் குட்டித் தலையணைதான் இன்று வரைக்கும் என் மகனுடையது. யாத்திரை போனாலும் கூடவே வருகிறது.

அன்றைக்கு டேப்பை விரித்து வைத்து மாமா ஒரு பாடம் நடத்தினார். இஞ்சில் பாதி அரை, அதில் பாதி கால், அதில் பாதி? டேப்பில் எட்டில் ஒரு பங்காக இருக்கிற சின்னக் கோட்டைக் காட்டி "அரைக்கால்" என்றார். அதிலும் பாதி "மாகாணி". பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு என்றாலே முகம் சுருக்குகிறவள், "அரை இஞ்சும் அரைக்கால் இஞ்சும்" என்று இன்று வாயாலேயே கூட்டுகிறாள்.

இனி தைக்கும் முறை. வேட்டியின் நீளவாக்கில், இரண்டு பக்கக் கரையையும் முதலில் தனியாக வெட்டி வைத்துவிடுங்கள். அது வேறு வேலைக்கு வேண்டும். பிறகு 18 இஞ்ச் அகலத்தில் 62 இஞ்ச் நீளத்துக்கு இரண்டு துண்டு எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும்:

1. இரண்டு குட்டை ஓரங்களையும் அரை இஞ்ச் மடித்து, மறுபடி அரை இஞ்ச் மடித்து, இஸ்திரி போட்டு அடியுங்கள். இப்போது நீளம் 60.

2. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். ஒரு முனையிலிருந்து 27 இஞ்சிலும், மறுமுனையிலிருந்து 6 இஞ்சிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். நடுவே மிச்சம் இருப்பதும் 27.

3. முதலில் 27 இஞ்ச் பக்கத்தை நடுப்பகுதியின் மேல் மடியுங்கள். அதன் ஓரம் சரியாக 6 இஞ்ச் கோட்டில் வந்து உட்காரும். அதற்கப்புறம் 6 இஞ்ச் மடிப்பை அதன் மேல் கொண்டுவந்து போடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

4. குண்டூசி குத்தி, இரண்டு நீளப் பக்கத்தையும் அரை இஞ்ச் விட்டு அடியுங்கள். மடிப்பு வருகிற இடத்தில் மூன்று அடுக்குத் துணி இருக்கும், அங்கே போயும் வந்தும் ஒரு தரம் அடித்தால் பிரியாது. வெட்டுவாய் பிசிறாமல் இருக்க ஓரத்தில் இன்னொரு வரி ஓட்டுங்கள்.

5. உள்ளேயிருந்து புரட்டி எடுங்கள். மூலைகளைக் கத்தரிக்கோல் முனையால் குத்தாமல், ஒரு பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளுங்கள்.

புரட்டுகிற அந்த நொடிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தாறுமாறான தையல், பிசிறு, சாக்பீஸ் கோடு எல்லாம் உள்ளே போய், வெளியே வெள்ளை வெளேரென்று ஒரு உறை வரும். எங்கள் வீட்டில் முதல் உறை மாமாவுக்குத்தான் போனது, வேட்டியும் அவருடையதுதானே. தடவிப் பார்த்துவிட்டு, எந்த வருஷம் எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது அந்த வேட்டி என்று சொல்லத் தொடங்கினார். அன்று இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

வேட்டியில் பன்னிரண்டு இஞ்ச் அகலத்துக்குக் குறையாமல் ஒரு நீளத்துண்டு இன்னும் மிச்சம் இருக்கும். அதை இரண்டாக வெட்டி மடித்து இரு பக்கமும் அடித்தால் இரண்டு கடைப் பை. எடுத்து வைத்த கரையை மடித்து அடித்தால் கைப்பிடி. இரண்டு நாள் வேலைதான். படிப்படியாகச் சொல்ல வேண்டியதில்லை, உறை தைத்தவருக்குப் பை தானாக வரும். ஒரே ஒரு குறிப்பு: கைப்பிடி வாய்ப்பக்கத்தில் சேருகிற இடத்தில் சின்னச் சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் அடியுங்கள். காய்கறிச் சந்தைக் கனம் அந்த இடத்தில்தான் இழுக்கும்.

ஓணத்துக்கு ஒரு பாவாடை

ஆனியில் தொடங்கினால் ஆவணிக்குள் கை நன்றாகவே பழகிவிடும். எங்கள் வீட்டில் ஆவணி என்றால் ஓணமும் உண்டு. கொழுந்தனார் மனைவி புனலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரயிலேறினால் மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது, அதனால் மலையாளம் எங்கள் காதுக்குப் புதிதில்லை. ஆனாலும் அவள் முதலில் எங்களோடு தைக்க உட்காரவில்லை. பேச்சில் தமிழ் தடுமாறும், அதனால் கூச்சம். தையலில் வார்த்தைகள் பாதி ஒன்றுதான் என்று தெரிந்தபோது கூச்சம் போனது. நாம் ஊசி என்றால் அவள் சூசி. கத்தரிக்கோல் அவளுக்குக் கத்ரிக. நூல் இரண்டிலும் நூல்தான். பிள்ளைகள் ஒரு மழைநாள் முழுக்க இந்த ஜோடிகளைச் சேர்த்து நோட்டில் எழுதினார்கள்.

அவளுடைய பழைய செட்டு முண்டில் (மலையாளப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்துகிற துணி) கீழ்முண்டு மட்டும் 2.80 மீட்டர், அதாவது 110 இஞ்ச். இரண்டு நீள ஓரத்திலும் கசவு, அதாவது சரிகைக் கரை, ஓடும். சிறுமிக்குப் பாவாடை தைக்க இதைவிடச் சுலபமான துணி இல்லை. கசவை அடிப்பக்கமாக வைத்து வெட்டினால் அடி ஓரம் மடித்து அடிக்கவே வேண்டாம், கசவே கரையாக நின்றுவிடும்.

சுற்றளவுக்கு இடுப்பளவைப் போல இரண்டரை மடங்கு வையுங்கள். 22 இஞ்ச் இடுப்பு என்றால் 55. ஒரு முண்டில் இரண்டு பாவாடை சரியாக வந்துவிடும், என் மகளுக்கு ஒன்று, அவள் மகளுக்கு ஒன்று. உயரத்துக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, எலாஸ்டிக் நுழைக்க மேலே ஒன்றரை இஞ்ச் சேருங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு தையல். மேலே மடித்துக் குழாய் மாதிரி அடித்து, எலாஸ்டிக் நுழைக்க ஒரு இஞ்ச் வாய் விடுங்கள். எலாஸ்டிக் நீளம் இடுப்பளவில் இரண்டு இஞ்ச் குறைவு. ஒரு நுனியில் ஊக்கு மாட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும். மறுநுனியைத் துணியோடு குண்டூசியால் குத்தி வைக்காவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். இஸ்திரி போடும்போது கசவின் மேல் ஒரு மெல்லிய துணி விரித்துக்கொள்ளுங்கள்.

திருவோணத்தன்று அந்தப் பாவாடைகளோடு புனலூர் போனோம். ஓரகத்தியின் அம்மா பாவாடையைப் பார்த்த கணமே அது எந்த முண்டு என்று கண்டுபிடித்துவிட்டார். மகளுக்கு முதல் ஓணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த கோடி அது. பேத்தியைத் திருப்பித் திருப்பி நிறுத்தி அந்தக் கசவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழக்கமாக நிற்க வேண்டுமென்றால்

வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அதே நாளாக இருக்கட்டும். எங்களுக்கு ஞாயிறு மூன்று மணி. தினமும் என்று வைத்தால் பத்தாம் நாள் நின்றுவிடும்.

பிள்ளைகள் தைத்ததை அவர்கள் கண் முன்னால் பிரித்துத் திருத்தாதீர்கள். கோணல் உறையில் தலையணை தூங்காதா என்ன? அவர்களே வந்து "இதைப் பிரிச்சுத் தரீங்களா" என்று கேட்பார்கள். அந்த நாள் வரட்டும். என் மகளுக்கு அது வர எட்டு மாதம் ஆனது.

பத்து வயசுக்குக் கீழே மெஷினில் தனியாக உட்கார வைக்க வேண்டாம். ஊசிக்கும் விரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி என்பது பெரியவர்களுக்கும் சட்டம். நூல் கோர்க்கும்போது கால் மிதியில் இருக்கக் கூடாது.

சாரல் ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். கை ஊசிகளை மெஷின் எண்ணெய் தொட்ட கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். மெஷினுக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டு, பாபின் இருக்கும் இடத்தில் சேர்ந்த பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய் விட்ட மறுநாள் முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பாருங்கள், கறை விழாது என்று தெரிந்தபின் நல்ல துணி. வெள்ளைத் துணியில் துருக்கறை பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் போகும். கசவில் மட்டும் அதைப் பட விடாதீர்கள்.

எழுந்திருக்கும் முன் ஊசி எண்ணுங்கள். பாயிலும் தரையிலும் உட்கார்ந்து தைக்கிற வீட்டில் இதை ஒரு நாளும் விடக் கூடாது. உடைந்த ஊசி முனைகளை ஒரு பழைய தீப்பெட்டிக்குள் போட்டு வையுங்கள், குப்பையில் போட வேண்டாம். தேட ஒரு காந்தமும் கைவசம் இருக்கட்டும். எங்கள் வீட்டுக் கணக்கு பன்னிரண்டு ஊசி, எண்ணுகிறவன் என் மகன். போன ஞாயிறு பதினொன்றுதான் இருந்தது. பாயை உதறி, காந்தத்தால் தரையெல்லாம் தடவி, எல்லோரும் எழுந்து நின்று ஆளுக்கு ஆள் முந்தானையையும் மடியையும் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அத்தையின் தோளில், புடவை மடிப்பில், நூலோடு குத்தியபடியே இருந்தது. பேரன் எக்கி எடுத்துக் கம்பளியில் குத்திவிட்டு, "பன்னிரண்டு" என்றான். அதன் பிறகுதான் விளக்கை அணைத்தோம்.